முழு மிதியில் பெட்ரோல் எங்கே போனது?

2001இல் வெளியான ‘த ஃபாஸ்ட் அண்ட் த ஃப்யூரியஸ்’ படத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பச்சை மிட்சுபிஷி எக்லிப்ஸ் நினைவிருக்கும். இரவுப் பந்தயத்தில் நாயகன் ஆக்சிலேட்டரை விடாமல் மிதிக்கிறான். காருக்குள் இருக்கும் மடிக்கணினி, மேனிஃபோல்டுக்கு ஆபத்து என்று எச்சரிக்கிறது. அடுத்த நொடி காரின் அடித்தகடு கழன்று சாலையில் விழுகிறது. கார் தெரிந்தவர்கள் இந்தக் காட்சியைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். மேனிஃபோல்டுக்கு ஆபத்தென்றால் அடித்தகடு ஏன் கழல வேண்டும்? எனக்கு அதைவிடப் பெரிய பொய்யாகத் தோன்றுவது அந்த எச்சரிக்கைதான். பெட்ரோல் போதாமல் சாகப்போகும் டர்போ என்ஜின் முன்கூட்டி எதையும் சொல்வதில்லை. சொல்லப்போனால், சாவதற்குச் சற்று முன்புதான் அது வழக்கத்தைவிட நன்றாக இழுக்கும்.

அது ஏன் என்பதை அதே எக்லிப்ஸை வைத்தே பார்க்கலாம். கிரைஸ்லரும் மிட்சுபிஷியும் கூட்டாக அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், நார்மல் என்ற ஊரில், டயமண்ட் ஸ்டார் மோட்டார்ஸ் தொழிற்சாலையைத் தொடங்கின. எக்லிப்ஸ், ஈகிள் டேலன், பிளிமத் லேசர் என்று மூன்று பெயர்களில் ஏறக்குறைய ஒரே கார் அங்கிருந்து வெளிவந்தது. டர்போ வகைகளில் இருந்தது 4ஜி63 என்ற இரண்டு லிட்டர் என்ஜின். 1990 மாடலில் 195 குதிரைத்திறன், 1995க்குப் பிறகு 210. இரும்பு பிளாக், உறுதியான கட்டுமானம், இளைஞர்கள் கைக்கு எட்டும் விலை. வாங்கியவர்கள் டர்போவின் அழுத்தத்தைக் கூட்டினார்கள், கார் பறந்தது, பிறகு பிஸ்டன் உருகியது. ஒரு தலைமுறை அமெரிக்க மெக்கானிக்குகள் பெட்ரோல் குறைந்த கலவையை, அதாவது லீன் கலவையைப் பற்றிக் கற்றதில் பெரும்பகுதி இந்தக் கார்களின் உடைந்த பிஸ்டன்களிலிருந்து கற்றதுதான். அந்தத் தொழிற்சாலையில் இப்போது ரிவியன் நிறுவனம் மின்சார வண்டிகள் செய்கிறது. கலவைப் பிரச்சினையே அங்கே ஒழிந்துவிட்டது.

முதலில் கணக்கு. 200 குதிரைத்திறன் தரும்போது இந்த என்ஜின் நொடிக்கு ஏறத்தாழ 160 கிராம் காற்றை விழுங்குகிறது. அதற்குத் தர வேண்டிய பெட்ரோல் நொடிக்கு சுமார் 14 கிராம், அதாவது நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்குச் சற்று மேல். நான்கு இன்ஜெக்டர்கள், ஒவ்வொன்றும் முழுக்கத் திறந்தால் நிமிடத்துக்கு 450 சிசி, மொத்தம் 1.8 லிட்டர். தாராளமாக இருக்கிறது. ஆனால் டர்போவை முறுக்கி 300 குதிரைத்திறன் கேட்டால் தேவை 1.7 லிட்டராகிவிடுகிறது. நிமிடத்துக்கு 6,000 சுற்றில் ஒரு சிலிண்டரின் முழுச் சுழற்சிக்குக் கிடைப்பதே 20 மில்லிநொடி. அதில் 18, 19 மில்லிநொடி இன்ஜெக்டர் திறந்தே இருக்க வேண்டிய நிலை. திறக்கவும் மூடவும் அதற்கே ஒரு மில்லிநொடி பிடிக்கும் என்பதால் இதற்குமேல் கேட்க ஒன்றுமில்லை. கணினி எவ்வளவு கேட்டாலும் வரப்போவது அவ்வளவுதான்.

ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். இந்த விகிதத்தை லாம்டா 1 என்று குறிப்பார்கள். 1க்கு மேல் போனால் காற்று மிச்சம், அது லீன். கீழே வந்தால் பெட்ரோல் மிச்சம், அது ரிச். நிதானமாக ஓட்டும்போது கார் லாம்டா 1ஐ ஒட்டியே நிற்கும், ஏனென்றால் புகையைச் சுத்திகரிக்கும் வினையூக்கிக்கு அதுதான் தேவை. ஆக்சிலேட்டரைத் தரைவரை மிதித்தால் கதை வேறு. டர்போ என்ஜினுக்கு அப்போது 0.78 முதல் 0.85 வரை தருவார்கள், அதாவது 11.5 முதல் 12.5 வரையான விகிதம். எரியவே போகாத பெட்ரோலை எதற்காக ஊற்ற வேண்டும்? குளிர்விக்கத்தான். ஒரு கிலோ பெட்ரோல் ஆவியாக சுமார் 350 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. டர்போ அழுத்திச் சூடேற்றிய காற்றிலிருந்து அந்த வெப்பம் போகிறது. சுடரின் வெப்பநிலையும் ஓரளவு இறங்குகிறது.

இங்கேதான் அந்த ஏமாற்று வேலை நடக்கிறது. அதிகபட்ச இழுவிசை கிடைப்பது 0.78இல் அல்ல, 0.86, 0.9 பக்கம். ஆகவே பெட்ரோல் மெல்லக் குறையத் தொடங்கும்போது கார் சோர்வதில்லை, சுறுசுறுப்பாகிறது. ஓட்டுபவர் சிரிக்கிறார். சிலிண்டருக்குள்ளே வெப்பநிலை ஏறிக்கொண்டே போகிறது, ஏனென்றால் சுடரின் உச்ச வெப்பம் லாம்டா 1க்குச் சற்றுக் கீழே, ஏறக்குறைய 0.95இல் இருக்கிறது.

லீன் என்றாலே என்ஜின் போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். அது பாதி உண்மை. 1944இல் விமானி சார்லஸ் லிண்ட்பெர்க் பசிபிக் போர்முனையில் அமெரிக்க பி-38 விமானிகளுக்குப் பாடம் எடுத்தார். சுற்றைக் குறையுங்கள், மேனிஃபோல்டு அழுத்தத்தைக் கூட்டுங்கள், கலவையை லீனாக்குங்கள் என்றார். அந்த விமானங்களின் ஆலிசன் என்ஜின்களும் டர்போ பூட்டியவைதான். என்ஜின் கெட்டுவிடும் என்று விமானிகள் அஞ்சினார்கள். அவர்களது பறக்கும் தூரம்தான் கூடியது. வித்தியாசம் எங்கே? அவர் சொன்னது நிதானமாகப் பறப்பதற்கான யோசனை. என்ஜின் தன் முழு வலுவுக்கு வெகு கீழே ஓடிக்கொண்டிருந்தது. நம் எக்லிப்ஸில் அழுத்தம் உச்சம், சுமை உச்சம், அத்தோடு கலவையும் 0.78இலிருந்து 0.95ஐ நோக்கி ஏறுகிறது. இம்மூன்றும் சேரும்போதுதான் நாக்கிங் பிறக்கிறது.

ஸ்பார்க் பிளக்கில் தொடங்கிய சுடர் சிலிண்டரின் ஓரத்தை எட்டுவதற்குள், அங்கே காத்திருக்கும் கலவை வெப்பமும் அழுத்தமும் தாளாமல் தானே ஒட்டுமொத்தமாக எரிந்துவிடுவதுதான் நாக்கிங். 85 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள 4ஜி63 சிலிண்டருக்குள் அதனால் எழும் அதிர்வு நொடிக்கு சுமார் 6,500 முறை முன்னும் பின்னும் மோதுகிறது. அந்த அதிர்வைக் கேட்கத்தான் என்ஜின் பிளாக்கில் நாக் சென்சாரைத் திருகியிருக்கிறார்கள். அதிர்ச்சி அலைகள் பிஸ்டனின் மேல் போர்வைபோல் படிந்திருக்கும் மெல்லிய வாயுப்படலத்தைச் சுரண்டி எடுத்துவிடுகின்றன. பிறகு 2,000 டிகிரிக்கு மேற்பட்ட வாயு அலுமினியத்தை நேராகத் தொடுகிறது. தூய அலுமினியம் 660 டிகிரியில் உருகும், பிஸ்டன் உலோகக்கலவை அதற்கும் முன்பே இளகிவிடும். முதல் இரண்டு ரிங்குகளுக்கு நடுவிலுள்ள விளிம்பு பெயர்வது வழக்கமான முடிவு.

இந்த அச்சம் டர்போ காரோடு கூடப் பிறந்தது. 1962இல் ஓல்ட்ஸ்மொபில் நிறுவனம் ஜெட்ஃபயர் காரை விற்கத் தொடங்கியபோது, 10.25 என்ற உயர்ந்த அழுத்த விகிதத்தோடு டர்போவையும் பொருத்தியது. நாக்கிங்கை அடக்க, தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தை உள்ளே தெளிக்க ஒரு தனித் தொட்டி. அந்தத் தொட்டி காலியானால் டர்போ அழுத்தத்தைக் கட்டுப்படுத்த ஓர் ஏற்பாடும் இருந்தது. வாங்கியவர்கள் தொட்டியை நிரப்ப மறந்தார்கள். இரண்டு மாடல் ஆண்டுகளோடு கார் நின்றுபோயிற்று.

இப்போது நோயறிதலுக்கு வருவோம். புகைக்குழாயில் ஓர் ஆக்சிஜன் சென்சார் இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளாதா? பழைய கார்களில் பார்த்துக்கொள்ளாது. 1976இல் பாஷ் நிறுவனத்தின் சென்சார் முதன்முதலில் வால்வோ கார்களில் வந்தபோது அதற்குக் கொடுத்த வேலை ஒன்றே ஒன்று: லாம்டா 1க்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று சொல்வது. ரிச் என்றால் 0.9 வோல்ட், லீன் என்றால் 0.1, நடுவில் செங்குத்தான பாய்ச்சல். முழு மிதியில் கணினி இந்தச் சென்சாரைக் கேட்பதையே நிறுத்திவிட்டு, நினைவில் வைத்திருக்கும் அட்டவணைப்படி பெட்ரோல் கொடுக்கும். எப்போது தவறினால் என்ஜின் போய்விடுமோ அப்போதுதான் அது கண்ணை மூடிக்கொண்டு ஓடுகிறது. 1990களில் எக்லிப்ஸ்காரர்கள் இந்தச் சென்சாரின் வோல்ட்டைப் பார்த்தே கலவையைச் சரிசெய்ய முயன்றார்கள். 0.9க்கு மேல் இருந்தால் நிம்மதி. ஆனால் அந்த 0.9, விகிதம் 11 என்றாலும் வரும், 13 என்றாலும் வரும், சென்சார் எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதைப் பொறுத்து மாறவும் செய்யும். எத்தனையோ பிஸ்டன்கள் அந்த நிம்மதியில் உருகின.

ஆகவே முதல் செலவு ஒரு வைட்பேண்ட் சென்சாருக்கு. இது பக்கத்தை மட்டும் சொல்லாமல் லாம்டா எவ்வளவு என்றே சொல்லும். அதுவும் சொல்வதை உடனே நம்பிவிடக் கூடாது. இது எரிபொருளை அளப்பதில்லை, ஆக்சிஜனை அளக்கிறது. பிளக்கில் பொறி விழாமல் ஒரு சிலிண்டர் மிஸ் அடித்தால், எரியாத பெட்ரோலோடு எரியாத ஆக்சிஜனும் வெளியே வரும். சென்சார் லீன் என்று கூவும். அதை நம்பி இன்னும் பெட்ரோல் ஊற்றினால் பொறி இன்னும் தடுமாறும், மீட்டர் இன்னும் லீன் காட்டும். டர்போ கார்களில் இது அடிக்கடி நடக்கிறது. வாயுவின் அழுத்தம் கூடக்கூட இடைவெளியைத் தாண்டிப் பொறி பாயத் தேவையான வோல்ட்டும் கூடுகிறது என்று ஃபிரீட்ரிஷ் பாஷன் 1889இல் கண்டறிந்தார். அதே ஆண்டில் வால்டர் நெர்ன்ஸ்ட் எழுதிய சமன்பாடுதான் ஆக்சிஜன் சென்சாரின் அடிப்படை. சாட்சியும் சாட்சி பிறழும் காரணமும் ஒரே வருடத்துப் பிள்ளைகள். பிளக் இடைவெளியை 0.7 மில்லிமீட்டருக்கு இறக்கிப் பார்த்து, லீன் மறைந்துவிட்டால் பெட்ரோல் பக்கம் போகவே வேண்டியதில்லை.

சாட்சி சொல்வது உண்மைதான் என்றால் அடுத்த கேள்வி: எந்தச் சுற்றில் ஆரம்பிக்கிறது? மூன்றாவது கியரில் 2,500 சுற்றிலிருந்து 6,500 வரை ஒரே மிதியில் ஓட்டி லாம்டா, டர்போ அழுத்தம், இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரம், பெட்ரோல் அழுத்தம், நாக்கிங் எல்லாவற்றையும் பதிவு செய்ய வேண்டும். வரைபடத்தின் வடிவத்திலேயே பாதி விடை இருக்கும். சுற்று ஏற ஏற லாம்டாவும் சீராக ஏறினால் பெட்ரோல் வரத்து போதவில்லை. ஒரு புள்ளிவரை ஒழுங்காக இருந்து பிறகு சட்டென்று விலகினால் இன்ஜெக்டர் முழுக்கத் திறந்தாகிவிட்டது, அல்லது காற்றளவி தன் எல்லையைத் தொட்டுவிட்டது. மிதித்த கணத்தில் மட்டும் லீனாகி உடனே சரியானால், உள்வாயில் சுவரில் ஒட்டிக்கொள்ளும் பெட்ரோலுக்கு ஈடு கொடுக்கப்படவில்லை. அது அவ்வளவு ஆபத்தில்லை. நிதானமாக ஓடும்போதே கணினி பத்து, பதினைந்து சதவீதம் கூடுதலாகப் பெட்ரோல் சேர்த்துச் சமாளித்துக்கொண்டிருந்தால், குற்றவாளி முழு மிதிக்கு முன்பே உள்ளே நுழைந்துவிட்டான்.

பெட்ரோல் அழுத்தத்தை மட்டும் இங்கே விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான வழக்குகள் இங்கேதான் முடிகின்றன. இன்ஜெக்டர் வழியே எவ்வளவு பாயும் என்பது இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் குழாயான ரெயிலில் உள்ள அழுத்தத்தை மட்டும் பொறுத்தது அல்ல. ரெயிலுக்கும், காற்று சிலிண்டர்களுக்குள் போகும் மேனிஃபோல்டுக்கும் உள்ள அழுத்த வித்தியாசத்தைப் பொறுத்தது. வித்தியாசம் 3 பார் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். டர்போ 1 பார் அழுத்தினால் ரெயிலில் 4 பார் இருந்தாக வேண்டும். மேனிஃபோல்டிலிருந்து ரெகுலேட்டருக்குப் போகும் ஒரு சிறிய ரப்பர் குழாய்தான் இதைப் பார்த்துக்கொள்கிறது. அந்தக் குழாய் வெடித்தோ கழன்றோ இருந்தால் ரெயில் 3 பாரிலேயே நிற்கும், வித்தியாசம் 2 ஆகிவிடும். ஓட்டம் வித்தியாசத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப மாறுவதால், பெட்ரோல் 18 சதவீதம் குறையும். 0.78 இருந்த லாம்டா 0.95க்குத் தாவும். சில ரூபாய் ரப்பர் குழாய் என்ஜினைச் சுடரின் உச்ச வெப்பத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது. நின்றபடி ஓடும்போது ஒன்றுமே தெரியாது, அப்போதுள்ள சிறு பிழையை ஆக்சிஜன் சென்சார் திருத்திவிடும்.

குழாய் சரியாக இருந்தால் பம்ப். எதிர்க்க வேண்டிய அழுத்தம் கூடும்போது பம்ப் தள்ளும் அளவு குறையும். இரண்டு மாடிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரை ஐந்தாம் மாடித் தொட்டியோடு இணைத்தால் எப்படி வருமோ அப்படி. டர்போ காரின் கொடுமை இதுதான்: பெட்ரோல் அதிகம் வேண்டிய நேரத்தில்தான் பம்பின் எதிரே மலையும் உயர்கிறது. பம்பைக் குறை சொல்வதற்கு முன் அதன் முனைகளில் வோல்ட் மீட்டரை வையுங்கள். முன்பக்கம் இருக்கும் பேட்டரியிலிருந்து பின்பக்கத் தொட்டிவரை டயமண்ட் ஸ்டார் கார்களில் போகும் வயர் மெல்லியது, இணைப்புகள் பல. ஆல்டர்னேட்டர் 13.8 வோல்ட் தர, பம்புக்கு வந்து சேர்வது 12க்கும் கீழே என்றால் பம்ப் மெதுவாகத்தான் சுழலும். பேட்டரியிலிருந்து ரிலே வைத்துத் தடித்த வயர் ஒன்றை நேராக இழுப்பதை அந்தக் காரின் உரிமையாளர்கள் ஏறக்குறைய ஒரு சடங்காகவே செய்தார்கள். பம்பை மாற்றாமலே பலருக்குப் பிரச்சினை தீர்ந்தது. அதிலும் தீராவிட்டால் வடிகட்டி. பிறகு தொட்டிக்குள்ளேயே பம்பையும் வெளிக்குழாயையும் இணைக்கும் சிறு ஹோஸ். அது விரிசல் விட்டால் பெட்ரோல் தொட்டிக்குள்ளேயே சுற்றி வரும். வெளியே ஒரு சொட்டும் ஒழுகாது, வாசனையும் இருக்காது. இதுதான் கண்டுபிடிக்க மிகவும் கடினமானது.

அழுத்தத்தை ஓட்டத்தின்போதே பார்க்க வேண்டும், நின்றபடி பார்த்துப் பயனில்லை. பழைய மெக்கானிக்குகள் நீளமான ஹோஸில் மீட்டரைப் பூட்டி, பானெட்டுக்கு வெளியே கண்ணாடியின் மேல் டேப் போட்டு ஒட்டி ஓட்டுவார்கள். பெட்ரோல் நிறைந்த ஹோஸை ஆட்கள் உட்காரும் இடத்துக்குள் கொண்டுவருவது முட்டாள்தனம். இப்போது மின்சென்சார் மலிவாகவே கிடைக்கிறது.

பெட்ரோல் பக்கம் எல்லாம் சரி என்றால் காற்றுக் கணக்கில் தவறு. எக்லிப்ஸின் காற்றளவி, ஓட்டத்தில் ஒரு தடை வைத்து, அதன் பின்னே உருவாகும் கார்மன் சுழல்களை எண்ணுகிறது. காற்று வேகமாகப் போனால் சுழல்கள் அதிகம். டர்போவுக்கு முன்பே, ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் அது இருப்பதால் ஒரு வேடிக்கை. டர்போவுக்குப் பின்னால் ஹோஸ் கழன்றால் எண்ணப்பட்ட காற்று வெளியே போய்விடும், ஆகவே முழு மிதியில் கலவை ரிச்சாகும், லீனாகாது. லீன் கண்டுபிடிக்க வந்து காற்றுக் கசிவைத் தேடி நாளைக் கழிப்பவர்கள் இதை யோசிப்பதில்லை. அழுத்தத்தையும் வெப்பத்தையும் கொண்டு காற்றைக் கணக்கிடும் கார்களில் இந்த விதி பொருந்தாது என்பதும் நினைவிருக்கட்டும். சூடான கம்பியால் அளப்பவற்றில் கம்பி மேல் படியும் எண்ணெயும் தூசும்தான் எதிரி. அழுக்கேறிய கம்பி காற்றைக் குறைவாகக் காட்டும்.

மனிதக் கையும் இங்கே புகுந்தது. காற்று ஓர் அளவைத் தாண்டினால் எக்லிப்ஸின் கணினி பெட்ரோலை அடியோடு நிறுத்தும், அது என்ஜினைக் காப்பதற்கான பூட்டு. காற்றளவியின் சமிக்ஞையைக் குறைத்துக் காட்டும் சிறு பெட்டிகள் சந்தைக்கு வந்தன. பூட்டு ஏமாந்தது. கணினியும் ஏமாந்தது: காற்று குறைவு என்று நினைத்துப் பெட்ரோலைக் குறைத்ததோடு, சுமை குறைவு என்று நினைத்து ஸ்பார்க்கையும் முன்கூட்டியே விட்டது. லீன் கலவை, முந்திய பொறி, உயர்ந்த அழுத்தம். நாக்கிங்கை வரவழைக்க இதைவிடத் துல்லியமான வழியை யாரும் திட்டமிட்டிருக்க முடியாது. பெரிய இன்ஜெக்டர் போட்டவர்களும் இதே பெட்டியைப் பயன்படுத்தினார்கள். அவர்களுக்குக் கலவை சரியாக இருந்தும் நாக்கிங் வந்ததற்குக் காரணம் அந்த ஸ்பார்க்தான்.

எல்லாம் சரியாக இருந்தும் ஒரே ஒரு பிஸ்டன் மட்டும் போனால்? சென்சார் நான்கு சிலிண்டரின் புகையையும் கலந்துதான் பார்க்கிறது. ஓர் இன்ஜெக்டர் 15 சதவீதம் அடைத்துக்கொண்டால் அந்தச் சிலிண்டர் 0.94இல் ஓடும், மற்ற மூன்றும் 0.80இல். மீட்டர் காட்டுவதோ 0.83. நல்ல எண்தான். ஆகவே ஓட்டம் முடிந்ததும் நான்கு பிளக்கையும் கழற்றி வரிசையாக அடுக்கிப் பாருங்கள். ஒன்றின் பீங்கானில் மட்டும் மிளகுப்பொடி போன்ற புள்ளிகளோ பளபளக்கும் அலுமினியத் துணுக்குகளோ இருந்தால் அதன் இன்ஜெக்டரைச் சோதனை மேசைக்கு அனுப்ப வேண்டும்.

நம்மூரில் இப்போது ஓடும் வென்யூ, டைகூன், ஃபிராங்க்ஸ் வகை டர்போ கார்களில் பெட்ரோல் நேராகச் சிலிண்டருக்குள் 200 பார் அளவிலும் அதற்கு மேலும் பீய்ச்சப்படுகிறது. கேம் தண்டு ஓட்டும் ஒரு பம்ப் அந்த அழுத்தத்தை உண்டாக்குகிறது, தொட்டியிலுள்ள பம்ப் அதற்குத் தீனி போடுகிறது. தீனி குறைந்தால் மேலே எல்லாம் சரியும். ஸ்கேனரை மாட்டினாலே கேட்ட அழுத்தமும் கிடைத்த அழுத்தமும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும், சரிந்தால் பி0087 என்ற குறியீடு விழும். பழைய டர்போ காரை வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். எத்தனால் கலந்த ஈ20 பெட்ரோல் முழுதாக எரிய 14.7 அல்ல, 13.5 கிராம் காற்றே போதும். எத்தனால் இல்லாத பெட்ரோலுக்காக எழுதிய அட்டவணை முழு மிதியில் அதைத் திருத்திக்கொள்ளாவிட்டால் கலவை எட்டு, ஒன்பது சதவீதம் லீனாகும். எத்தனாலின் கூடுதல் ஆக்டேனும் குளிர்விக்கும் குணமும் இதில் ஒரு பகுதியை ஈடுகட்டிவிடுகின்றன. ஆனால் ஏற்கெனவே விளிம்பில் இருந்த இன்ஜெக்டரையும் பம்பையும் அவை பெரிதாக்கித் தராது.

ஒரு வார்த்தை. மூன்றாவது கியரில் 6,500 சுற்று என்றால் வேகம் 130 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். இந்தச் சோதனையைப் பொதுச்சாலையில் செய்யாதீர்கள். டைனோ உள்ள பட்டறைக்குப் போங்கள், அல்லது இருங்காட்டுக்கோட்டை, செட்டிப்பாளையம் போன்ற பந்தயத் தடங்களில் அனுமதி வாங்குங்கள். லாம்டாவைப் படிக்கப் பக்கத்தில் ஒருவர் உட்காரட்டும். 0.85ஐத் தாண்டியது என்று அவர் சொன்னதும் காலை எடுத்துவிடுங்கள். கார் எவ்வளவு நன்றாக இழுத்துக்கொண்டிருந்தாலும் சரி, காரணம் தெரியும்வரை மறுபடி மிதிக்க வேண்டாம்.